டேபிள் ப்ரீவியூ டூலுக்கு டாக்குமென்ட் எங்க எழுதறது? நாலு இடத்துலயும் எழுதிப் பார்த்தாச்சு

முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். ஆர்டர் டேபிள்ல ஸ்டேட்டஸ் ஃபீல்டுல என்னென்ன வேல்யூ இருக்குன்னு பார்த்து அதுக்கேத்த மாதிரி ஒரு ரிப்போர்ட் குவெரி எழுதச் சொல்லி ஏஐ ஏஜென்ட்கிட்ட கொடுத்தேன். அது, ஒரு டேபிள்ல இருந்து சில ரோவை மட்டும் எடுத்துக் காட்ட நாங்க எழுதின ப்ரீவியூ டூலை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுச்சு, 10 ரோ வந்துச்சு, அந்த பத்துலயும் "முடிஞ்சது", "ரத்து"ன்னு ரெண்டே வேல்யூ. உடனே ஸ்டேட்டஸ்ல ரெண்டு வகைதான் இருக்குன்னு அடிச்சுச் சொல்லிட்டு அதை நம்பி குவெரியும் எழுதிக் கொடுத்துடுச்சு. நிஜத்துல அஞ்சு வகை. ஏன்னா டூலுக்குள்ள ஓடறது சும்மா ஒரு செலக்ட் ஸ்டார் லிமிட் 10 தான், ஆர்டர் பை, அதாவது வரிசைப்படுத்தறது, கிடையாது, வந்ததெல்லாம் டேபிள்ல முதன்முதலா விழுந்த பழைய ரோ, அந்த ஆர்டரெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு, "பேக்கிங்ல இருக்கு"ங்கற ஸ்டேட்டஸ் அதுல எங்க இருந்து வரும்.

கடுப்பு என்னன்னா, "இது சாம்பிள் மட்டும்தான், இதை வச்சு முழு டேபிளைப் பத்தி முடிவு பண்ணாதீங்க"ன்னு நான் அழகா எழுதி வச்சிருந்தேன். எங்க? டாக்குமென்ட் பக்கத்துல, மூணாவது தலைப்புக்குக் கீழ. டீம்ல எல்லாரும் அதைப் படிச்சிருக்காங்க. ஏஜென்ட் மட்டும் படிக்கல, ஏன்னா அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே அதுக்குத் தெரியாது.

அதனால இந்தப் பதிவு என்ன எழுதணும்ங்கறதை விட எங்க எழுதணும்ங்கறதைப் பத்திதான். நாலு இடம் இருக்கு. டூலோட டிஸ்க்ரிப்ஷன் மற்றும் பாராமீட்டர் ஸ்கீமா (என்ன இன்புட், எந்த வடிவத்துலங்கற குறிப்பு) ஒண்ணு, தனிப் பக்கம் ஒண்ணு, கோடுல ஃபங்ஷனுக்கு எழுதற விளக்கமான டாக்ஸ்ட்ரிங்ல இருந்து தானா உருவாக்கறது ஒண்ணு, கடைசியா டூல் திருப்பி அனுப்பற பதில்லயும் எரர்லயுமே சொல்லிடறது. நாலையும் வேற வேற நேரத்துல நம்பி ஏமாந்தாச்சு, ஆனா நாலும் ஒரே மாதிரி ஏமாத்தல, அதுதான் விஷயம்.

டிஸ்க்ரிப்ஷன்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஏஜென்ட் ஒரு டூலைத் தேர்ந்தெடுக்கும்போது அதுக்குத் தெரியறது மூணே விஷயம், டூல் பேர், டிஸ்க்ரிப்ஷன், இன்புட்டோட ஜேசான் ஸ்கீமா. ஏஜென்ட்டையும் டூலையும் இணைக்க 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபிங்கற ப்ரோட்டோகால் ஆகட்டும், அதுக்கு முன்னாடி 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ கொண்டு வந்த ஃபங்ஷன் காலிங் ஆகட்டும், அடிப்படை இதேதான். அதனால டிஸ்க்ரிப்ஷன்ல எழுதினது மாடல் கண்ணுல படறதுக்கு நாலு இடத்துல இதுலதான் வாய்ப்பு அதிகம். அப்புறம் என்ன, எல்லாத்தையும் அங்கயே கொட்டிடலாமேன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, கொட்டினேன். ஆனா டிஸ்க்ரிப்ஷன் வழக்கமா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் கூடவே போகும், டூலைக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் போகும். ஒரு டூலுக்கு 600 டோக்கன் (மாடல் டெக்ஸ்ட்டை உடைச்சுப் படிக்கற துண்டு)னு வச்சுக்கோங்க, ஏஜென்ட்கிட்ட 30 டூல் இருந்தா யூசர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே 18,000 டோக்கன் காலி. திரும்பத் திரும்ப வர்ற பகுதியைச் சேமிச்சு வைக்கற ப்ராம்ப்ட் கேச்சிங் இருக்கேன்னு கேப்பீங்க, அது காசைத்தான் குறைக்கும், மாடல் ஒரே நேரத்துல பார்க்கற கான்டெக்ஸ்ட்ல அந்த இடம் அப்படியேதான் அடைஞ்சு கிடக்கும். அதை விட மோசம், எட்டு எச்சரிக்கையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா எது முக்கியம்னு மாடலுக்கும் தெரியாது, நமக்குமே தெரியாது. என் பழைய டிஸ்க்ரிப்ஷன்ல சாம்பிள் பத்தின எச்சரிக்கை ஆறாவது வரில இருந்துச்சு, அதுக்கு முன்னாடி டைம்அவுட் எத்தனை செகண்டு, எந்த டேட்டாபேஸ் வெர்ஷன் சப்போர்ட்டுன்னு யாருக்கும் வேண்டாத கதையெல்லாம் எழுதி வச்சிருந்தேன்.

பாராமீட்டர் ஸ்கீமா தனியா கவனிக்க வேண்டிய இடம், பலபேர் அதைச் சும்மா விட்டுடறாங்க. டேபிள் பேரை எப்படிக் கொடுக்கணும், டேட்டாபேஸ் ஸ்கீமா (டேபிள்களைச் சேர்த்து வைக்கற தொகுப்பு, இது வேற ஸ்கீமா) பேரும் டேபிள் பேரும் நடுவுல புள்ளி வச்சு ஒரே ஸ்ட்ரிங்கா, இல்ல ரெண்டு தனி பாராமீட்டரா? இதை டிஸ்க்ரிப்ஷன்ல பத்தி பத்தியா எழுதறதுக்குப் பதிலா அந்தப் பாராமீட்டர் பக்கத்துலயே ஒரு உதாரணத்தோட போட்டா போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இது இன்னும் வில்லங்கம், டபுள் கோட் இல்லாம எழுதின பேரை அது சின்ன எழுத்தா மாத்திக்கும், டபுள் கோட் போட்டு பெரிய எழுத்துல யாராவது டேபிளை உருவாக்கி வச்சிருந்தா அதே எழுத்துல கோட்டோட கேட்டாதான் கிடைக்கும். நம்ம டூல் அந்த டபுள் கோட்டைத் தானா போட்டுக்குமா, இல்ல ஏஜென்ட் போட்டு அனுப்பணுமா, இந்த ஒரு வரி அங்க இல்லன்னா ஏஜென்ட் மூணு விதமா அனுப்பிப் பார்த்துட்டு "அப்படி ஒரு டேபிளே இல்ல"ன்னு கைவிரிச்சுடும்.

ஸ்கீமாவைப் பத்தி இன்னொண்ணு. டீஃபால்ட் 10, மேக்ஸிமம் 100ன்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஜேசான் ஸ்கீமால டீஃபால்ட்ங்கறது வெறும் குறிப்பு, அதுவா போய் வேல்யூவை நிரப்பாது, நிரப்பற கோடு நீங்கதான் எழுதணும். மேக்ஸிமம் போட்டாலும் மாடல் 1000னு அனுப்பத்தான் செய்யும், சர்வர்லதான் பிடிக்கணும். பிடிக்கற விதத்துலயும் ஒரு குழி இருக்கு, கொஞ்சம் கழிச்சு அதுக்கு வரேன்.

தனிப் பக்கம் பத்தி ஏற்கனவே புலம்பியாச்சு, ஆனா அதுக்கும் நியாயம் பண்ணணும். இடத்துக்குப் பஞ்சம் இல்ல, உதாரணம் எத்தனை வேணாலும் வைக்கலாம், யாருக்கு எந்தப் பர்மிஷன், எந்த ஃபீல்டு ஏன் மறைக்கப்படுதுன்னு எல்லாம் விளக்கலாம். டூலுக்கு ஆக்சஸ் கொடுக்கப் போற டேட்டாபேஸ் அட்மின் படிக்கப் போறது இந்தப் பக்கத்தைத்தான். பிரச்சினை ஏஜென்ட் கைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்ங்கறதுல இருக்கு. எம்சிபில ஃபைல் மாதிரி தகவலை வைக்க ரிசோர்ஸ்னு ஒண்ணு இருக்கே, அதுல போட்டுடலாம்னு நானும் போட்டேன். ஆனா எம்சிபி ஸ்பெக்லயே பிரிச்சு வச்சிருக்காங்க, டூலைக் கூப்பிடறது மாடல் கையில, ரிசோர்ஸை எடுத்துக் கொடுக்கறது அப்ளிகேஷன் கையில. அப்ளிகேஷன் எடுத்துக் கொடுக்கலன்னா நம்ம பக்கம் அனாதையா அங்கயே கிடக்கும். ஒரு கிளையன்ட்ல யூசர் கைல கிளிக் பண்ணி சேர்த்தாதான் ரிசோர்ஸ் உள்ள போச்சு, யார் கிளிக் பண்ணப் போறா. கோடு எழுதற ஏஜென்ட், ரெப்பாசிட்டரிக்குள்ள உக்காந்து ஃபைலைத் தானா படிக்கற வகைன்னா கதை வேற, அங்க ஒரு மார்க்டவுன் ஃபைல் நல்லாவே வேலை செய்யுது. சாட்ல உக்காந்து டேட்டா பத்தி பதில் சொல்ற ஏஜென்ட்டுக்கு அதை நம்பாதீங்க.

டாக்ஸ்ட்ரிங்ல இருந்து தானா எடுக்கறதைப் பத்தி நீட்டி முழக்க ஒண்ணும் இல்ல. பைதான்ல ஃபாஸ்ட்எம்சிபி மாதிரி ஒரு லைப்ரரி வச்சு எழுதினா ஃபங்ஷனோட டாக்ஸ்ட்ரிங்கே டிஸ்க்ரிப்ஷன் ஆகிடும், டைப் ஹின்ட்ல இருந்து ஸ்கீமா வந்துடும், கோடு மாறும்போது ஸ்கீமாவும் கூடவே மாறும், இது பெரிய நிம்மதி. ஆனா டாக்ஸ்ட்ரிங் யாரை மனசுல வச்சு எழுதினது? பக்கத்து சீட் டெவலப்பரை. எங்க டாக்ஸ்ட்ரிங் "ரோ ஃபெட்ச்சரோட ராப்பர், பழைய கேச் லாஜிக் இன்னும் எடுக்கல"ன்னு இருந்துச்சு, அதுவே ஏஜென்ட்டுக்கும் போச்சு. ஸ்கீமாவைத் தானா எடுங்க, டிஸ்க்ரிப்ஷனைக் கைல எழுதுங்க, அவ்வளவுதான்.

இப்ப நாலாவது, டூலோட பதில். நான் ரொம்ப லேட்டா கண்டுபிடிச்ச இடம் இது. மத்த மூணும் ஏஜென்ட் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்றது, இது மட்டும் ஏஜென்ட் அந்த டேட்டாவைக் கையில வச்சுக்கிட்டு அடுத்து என்ன பண்ணலாம்னு யோசிக்கற அதே நொடில அது கண்ணு முன்னாடி வந்து நிக்குது. டோக்கனும் கூப்பிட்டாதான் செலவு.

எரரை எடுத்துக்கோங்க. "டேபிள் கிடைக்கல"ன்னு மொட்டையா சொன்னா ஏஜென்ட் யூகம் பண்ண ஆரம்பிச்சுடும். அதையே "ஆர்டர்னு டேபிள் இல்ல, இதே ஸ்கீமால ஆர்டர்ஸ், ஆர்டர் ஐட்டம்ஸ் இருக்கு, முழு லிஸ்ட்டுக்கு டேபிள் லிஸ்ட் டூல்"னு சொன்னா அடுத்த தடவை கூப்பிடும்போதே சரியாப் போயிடுது, இதுக்காக டிஸ்க்ரிப்ஷன்ல ஒரு வரிகூட செலவாகல. எம்சிபில இதுக்கு ஒரு நுணுக்கம் உண்டு, இந்த மாதிரி எரரை ப்ரோட்டோகால் எரரா வீசக் கூடாது, டூல் ரிசல்ட்டுக்குள்ளயே எரர்னு கொடி போட்டு அனுப்பணும், அப்பதான் மாடல் அதைப் படிச்சுத் தன்னைத் திருத்திக்க முடியும்.

ஆனா எரர்லயே எல்லாத்தையும் சொல்லிடலாம்னும் முடியாது. ஏன்னா எல்லாத் தப்பும் எரரா வெடிக்காது. முதல்ல சொன்ன ஸ்டேட்டஸ் கதைல எந்த எரரும் வரலயே, டூல் அதோட வேலையை ஒழுங்காத்தான் பண்ணுச்சு. இங்கதான் எனக்கு ஒரு பிரிவினைக் கோடு கிடைச்சுது. சத்தம் போடற தப்பு, சத்தமே இல்லாத தப்புன்னு ரெண்டாப் பிரிச்சுடுங்க. டேபிள் பேர் தப்பு, பர்மிஷன் இல்ல, டைம்அவுட், இதெல்லாம் சத்தம் போடும், அது பத்தின டாக்குமென்ட் எரர் மெசேஜ்ல இருந்தா போதும், முன்கூட்டியே சொல்லி இடத்தை அடைக்க வேண்டாம். சத்தமில்லாம ஏஜென்ட்டைத் தப்பா நினைக்க வைக்கறது எதுவோ அதுதான் டிஸ்க்ரிப்ஷன்லயும் பதில்லயும் ரெண்டு இடத்துலயும் வரணும். ப்ரீவியூ டூலோட தலைவலி முக்கால்வாசி ரெண்டாவது வகைதான், ஏன்னா அதோட வேலையே கொஞ்சத்தைக் காட்டறது, மிச்சத்தை மறைக்கறது.

லிமிட் பத்தி சொல்றேன்னு சொன்னேன்ல. ஏஜென்ட் 1000 ரோ கேட்டுச்சு, எங்க சர்வர் பெருந்தன்மையா எரர் எதுவும் போடாம 100ஆ குறைச்சு அனுப்புச்சு. ஏஜென்ட் என்ன நினைக்கும்? ஆயிரம் கேட்டேன், நூறுதான் வந்துச்சு, அப்ப டேபிள்ல நூறு ரோதான் இருக்கு. அதோட லாஜிக்ல ஒரு தப்பும் இல்ல, ஒரு மனுஷனும் அதையேதான் நினைப்பான். இப்ப பதிலோட முதல் வரியே "கேட்டது 1000, அதிகபட்சம் 100, காட்டினது 100, டேபிள்ல சுமார் 48 லட்சம் ரோ"ன்னு வருது.

அந்த "சுமார்"ங்கற வார்த்தைக்கும் ஒரு கதை இருக்கு. போஸ்ட்கிரெஸ்ல பெரிய டேபிளை முழுசா எண்ணறது நேரம் பிடிக்கற வேலை, அதனால சிஸ்டம் கேட்டலாக்ல இருக்கற மதிப்பீட்டைத்தான் எடுக்கறோம், வெர்ஷன் 14ல இருந்து, வேக்கும், அனலைஸ்ங்கற பராமரிப்பு வேலை ரெண்டுமே ஓடாத டேபிளுக்கு அது மைனஸ் 1னு வரும். அதை அப்படியே அனுப்பினா "டேபிள்ல மைனஸ் ஒரு ரோ"ன்னு ஏஜென்ட் திணறும், "எண்ணிக்கை தெரியல"ன்னு மாத்தி அனுப்பணும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோட இன்னோடிபி ஸ்டோரேஜ்லயும் மெட்டாடேட்டால கிடைக்கற ரோ எண்ணிக்கை உத்தேசம்தான், நிஜத்துல இருந்து 40 இல்ல 50 சதவீதம் வரைக்கும்கூட விலகலாம்னு அவங்க மேனுவல்லயே போட்டிருக்காங்க. உத்தேசம்னு சொல்லாம நம்பரை மட்டும் கொடுத்தா ஏஜென்ட் அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதி வச்சுடும், யாராவது மீட்டிங்ல அதை வாசிச்சு மாட்டிக்குவாங்க.

இதே சத்தமில்லாத கும்பல்ல இன்னும் சில பேர் இருக்காங்க. நீளமான செல்லை 200 எழுத்தோட வெட்டிட்டு கடைசில மூணு புள்ளி போட்டோம், ஏஜென்ட் அந்த மூணு புள்ளியும் டேட்டான்னு நினைச்சு லிங்க்கை மூணு புள்ளியோடயே காப்பி பண்ணுச்சு. இப்ப "5312ல 200 எழுத்து"ன்னு போடறோம். கமா போட்டுப் பிரிக்கற சிஎஸ்வியா அனுப்பினா NULLம் (வேல்யூவே இல்லாதது) காலி ஸ்ட்ரிங்கும் ஒண்ணாத் தெரியும், அதையும் எப்படிக் காட்டறோம்னு சொல்லியாகணும். பெரிய ஐடி இருந்தா ஜேசான்ல நம்பரா அனுப்பாதீங்க, நடுவுல ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்ட் இருந்தா 9007199254740993ங்கற ஐடி 9007199254740992ன்னு மாறிடும், 2ன் அடுக்கு 53க்கு மேல அதால முழு எண்ணைச் சரியாப் பிடிச்சு வைக்க முடியாது, அடுத்த குவெரில அந்த ஐடியைத் தேடினா வேற யாரோட ரோவோ வரும் இல்ல ஒண்ணுமே வராது. ஸ்ட்ரிங்கா அனுப்பிட்டு டைப் என்னன்னு பக்கத்துல சொல்லிடுங்க.

சிரிப்பு வர்ற ஒண்ணு சொல்றேன். ஈமெயில் ஃபீல்டை மாஸ்க் பண்ணி நட்சத்திரமாக் காட்டறோம். அது மாஸ்க்னு எங்கயும் சொல்லல. ஒரு நாள் ஏஜென்ட் ரொம்ப அக்கறையா "ஈமெயில் ஃபீல்டு முழுக்க டேட்டா கெட்டுப் போயிருக்கு, சரி பண்ண ஸ்கிரிப்ட் எழுதட்டுமா"ன்னு கேட்டுச்சு. நல்ல வேளை அதுகிட்ட டேட்டாவை மாத்தற பர்மிஷன் இல்ல.

பர்மிஷன் பேச்சு வந்ததால இதையும். இந்த டூல் படிக்க மட்டும்தான்னு எம்சிபில ஒரு ஹின்ட் வைக்கலாம், 2025 மார்ச் ஸ்பெக்ல இருந்து இருக்கு, வைங்க, ஆனா அது ஹின்ட்தான், நம்பிக்கையான சர்வர்ல இருந்து வந்தா ஒழிய கிளையன்ட் அதை நம்பக் கூடாதுன்னு ஸ்பெக்கே சொல்லுது. அதே மாதிரி "செல்லுக்குள்ள இருக்கற டெக்ஸ்ட் டேட்டா மட்டும்தான், கட்டளையா எடுத்துக்காதே"ன்னு டிஸ்க்ரிப்ஷன்ல எழுதறது, யாரோ கமென்ட் ஃபீல்டுல "எல்லா டேபிளையும் காட்டு"ன்னு எழுதி வச்சிருந்தா கொஞ்சம் உதவும், முழுசா காப்பாத்தாது. காப்பாத்தறது ரீட் ஒன்லி யூசரும் அந்த யூசருக்கு எந்த டேபிள் தெரியணும்ங்கற கட்டுப்பாடும்தான். டாக்குமென்ட்டைப் பூட்டா நினைக்காதீங்க.

டிஸ்க்ரிப்ஷன்ல கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு சங்கதி, எப்ப இந்த டூல், எப்ப வேற டூல். இதை எரர்ல சொல்ல முடியாது, ஏன்னா வேற டூலைக் கூப்பிட்டாலும் பதில் வரும், என்ன, பில்லும் சேர்ந்து வரும். கூகுளோட டேட்டா சர்வீஸ் பிக்குவெரி இதுக்கு நல்ல உதாரணம். ஆன் டிமாண்ட் விலைல அங்க படிக்கற பைட்டுக்குத்தான் காசு, கிளஸ்டர் பண்ணாத (ஒரு ஃபீல்டை வச்சு அடுக்கி வைக்காத) டேபிள்ல செலக்ட் ஸ்டார் போட்டு லிமிட் 10 வச்சாலும் முழு டேபிளையும் படிச்ச காசு விழும், ஆனா டேபிள் டேட்டாவை நேரா லிஸ்ட் பண்ற ஏபிஐ வழியா ப்ரீவியூ பார்த்தா ஸ்கேன் காசே கிடையாது. ப்ரீவியூ டூல் எந்த வழில போகுதுன்னு ஏஜென்ட்டுக்குத் தெரியவே தெரியாது, குவெரி டூல்ல லிமிட் போட்டா சல்லிசா முடியும்னு அதுவா நினைச்சுக்கும். "சும்மா எப்படி இருக்குன்னு பார்க்க இது, இதுக்கு ஸ்கேன் செலவு இல்ல"ன்னு ஒரு வரி போட்டா போதும்.

இப்ப எங்ககிட்ட இருக்கற டிஸ்க்ரிப்ஷன் கிட்டத்தட்ட இப்படி:

"ஒரு டேபிளோட ஃபீல்டு பேர், டைப், கூடவே சில மாதிரி ரோ காட்டும். வர்ற ரோவுக்கு எந்த வரிசையும் கிடையாது, இது முழு டேபிள் இல்ல. எண்ணிக்கை, என்னென்ன வேல்யூ இருக்கு, அதிகபட்சம் குறைஞ்சபட்சம் எதுக்கும் இதை நம்பாதே, குவெரி டூலைக் கூப்பிடு. டேபிள் பேர் தெரியலன்னா முதல்ல டேபிள் லிஸ்ட் டூல். நட்சத்திரமா வர்ற வேல்யூ மறைக்கப்பட்டது, கெட்டுப் போனது இல்ல."

அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பதில்லயும் எரர்லயும் போச்சு, தனிப் பக்கம் மனுஷங்களுக்காக அப்படியே இருக்கு. சாம்பிளைக் கொஞ்சம் நேர்மையாக்கலாமேன்னு போஸ்ட்கிரெஸ்ல சீரற்ற முறைல ரோ எடுக்கற டேபிள்சாம்பிளும் போட்டுப் பார்த்தோம், 9.5ல இருந்து இருக்கு, அதுல சிஸ்டம்னு ஒரு முறை பிளாக் பிளாக்கா எடுக்கும், பெர்னூலி ரோ ரோவா எடுக்கும் ஆனா முழு டேபிளையும் படிக்கும். பெரிய டேபிளுக்கு சிஸ்டம் வச்சுக்கிட்டோம், சின்ன டேபிள்ல சில சமயம் ஒரு ரோகூட வராம போகும், அப்ப பழையபடி லிமிட். எந்த முறைல எடுத்ததுன்னு பதில்ல ஒரு வரி சேர்ந்துடுச்சு.

உங்க நிலைமை வேறயா இருந்தா பிரிக்கற விதமும் மாறும். ஏஜென்ட்கிட்ட மொத்தமே ரெண்டு டூல்தான்னா டோக்கன் கவலை எதுக்கு, டிஸ்க்ரிப்ஷன்ல தாராளமா உதாரணத்தோட எழுதுங்க. லோக்கல்ல ஓடற சின்ன மாடல்னா நாலு வரிக்கு மேல தாண்டாதீங்க, நிபந்தனை மேல நிபந்தனை வச்சா அது குழம்பும், டூலைக் கூப்பிடற ஒரு உதாரணம் வச்சா பிடிச்சுக்கும். டேபிள்ல 40 ஃபீல்டு இருக்கற இடத்துல பதிலோட ஃபார்மேட்டையும் பாருங்க, 20 ரோவை ஜேசான் ஆப்ஜெக்டா அனுப்பினா ஃபீல்டு பேர் மட்டும் 800 தடவை வரும், தலைப்பு ஒரு தடவை போட்டு டேபிளா அனுப்பினா 40 தடவை, மிச்சமாகற இடத்துல குறிப்பு எழுதலாம்.

எந்த வரி வேலை செய்யுதுன்னு உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது, லாக்தான் சொல்லும். நான் ஒரு பத்து கேள்வி வச்சிருக்கேன், "ஸ்டேட்டஸ்ல என்னென்ன இருக்கு", "இந்த டேபிள்ல எத்தனை ரோ", "கடைசி ஆர்டர் எப்ப"ன்னு, எல்லாமே ப்ரீவியூவை மட்டும் நம்பினா தப்பாப் போகிற கேள்வி. டிஸ்க்ரிப்ஷன்ல ஒரு வரி மாத்தினா பத்தையும் திரும்ப ஓட விட்டு, எந்த டூலைக் கூப்பிட்டுச்சு, என்ன பாராமீட்டர் கொடுத்துச்சுன்னு மட்டும் பார்ப்பேன். போன தடவை ஸ்டேட்டஸ் கேள்விக்கு ப்ரீவியூ ஒரு தடவை, அடுத்து குவெரி டூல்ல டிஸ்டிங்க்ட் (வேற வேற வேல்யூவை மட்டும் எடுக்கறது), அஞ்சு வகையும் வந்துச்சு. லிமிட் மட்டும் இன்னும் 1000னுதான் அனுப்புது, ஸ்கீமால மேக்ஸிமம் 100னு இருந்தும். அனுப்பிட்டுப் போகட்டும், பதில்ல முதல் வரி பார்த்துட்டு அதுவே "100 ரோ மட்டும் பார்த்தேன்"னு யூசர்கிட்ட ஒப்புக்குது.